பெரியவர் அறைக் கேமராவை யார் கழற்றியது?

கேமரா மாட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். எங்கள் காலம் மாதிரி வருமா என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. எங்கள் காலத்தில் ஏணியே ஆடும். இன்றைக்கு நீங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற டெஸ்டர் அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால் தலையில் பாதி முடியாவது மிஞ்சியிருக்கும். செஞ்சியில் டிவி ரிப்பேர் பார்த்தேன், கேபிள் இழுத்தேன், கடைசியாகக் கேமரா மாட்டினேன். போன வருஷம் முழங்கால் போதும் என்றது, ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். இப்போது காலையில் பேப்பர் படித்துவிட்டுக் கூட்டு ரோடு வரைக்கும் நடந்து போய் டீ குடித்துவிட்டு வருகிறேன். நிம்மதியாகத்தான் இருக்கிறேன். வாய்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கேமரா ரெக்கார்டரோடு சேரவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒயரைப் பார், ஜாக்கைப் பார், அட்ரஸைப் பார், பாஸ்வேர்டைப் பார் என்று உங்கள் போனுக்குள்ளேயே ஆளாளுக்கு வீடியோ போட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு குறை. அந்த வீடியோக்களில் வீடு காலியாக இருக்கிறது. மேஜை மேல் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு கேமரா, அவ்வளவுதான். நீங்கள் போகிற வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். அங்கே கேமரா அணைந்தால் யாராவது ஒருவர் மேல் சந்தேகம் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கதவைத் தட்டும்போதே உங்களுக்காகக் காத்திருப்பது அந்தச் சந்தேகம்தான்.

நம் ஊரில் முதல் சந்தேகம் குரங்கின் மேல். கோட்டையை ஒட்டின தெருக்களில் அது நியாயமும்கூட. ஒரு வாத்தியார் வீட்டில் வாசல் கேமராவை ஒரு குரங்கு பிடித்துத் தொங்கி மலைப்பக்கமாகத் திருப்பிவிட்டுப் போய்விட்டது. வாத்தியார் அதைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் ராஜகிரியை ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தார். "சார், அந்த மலைய எவனும் தூக்கினு போவ மாட்டான், கேட்டப் பாக்கலாம்" என்றேன். அவருக்கு என் மேல் இன்னமும் கோபம். இப்படிச் சிரித்துவிட்டு வருகிற வேலைகள்தான் அதிகம். சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது.

சிங்கவரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து வேர்க்கடலை நிலம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மாடி வீடு. அந்த வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'ம்' என்பது மட்டும் வரும், அதையே ஆமாம் என்பதற்கு ஒரு மாதிரியும் வேண்டாம் என்பதற்கு ஒரு மாதிரியும் சொல்லுவார். அவரும் அவர் மனைவியும்தான் அந்த வீட்டில். ஒரே பெண் மஞ்சுளா, ஓசூரில் கம்பெனி வேலை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அமுதா என்கிற பெண்ணை வைத்திருந்தார்கள். சிங்கவரத்துக்காரி, முப்பத்தைந்து வயது சொல்லலாம், மஞ்சுளாவைவிடக் கொஞ்சம் மூத்தவள். காலையில் சைக்கிளில் வந்து இருட்டும் முன் திரும்பிப் போவாள்.

அங்கே கேமரா மாட்டினது நான்தான். கேட்டில் ஒன்று, ஹாலில் ஒன்று, பின்பக்கத் தோட்டத்தில் ஒன்று, பெரியவர் படுத்திருக்கும் அறையில் ஒன்று. அறைக் கேமராவில் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. மஞ்சுளா ஓசூரில் இருந்துகொண்டே போனில் அப்பாவைப் பார்ப்பாள், "நைனா, சாப்டியா?" என்று கேட்பாள். சுவரிலிருந்து மகள் குரல் கேட்டால் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. இந்தத் தொழிலில் நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று என்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் மஞ்சுளா எனக்குப் போன் செய்தாள். குரல் படபடத்தது.

"அண்ணா, நைனா ரூம் கேமரா மட்டும் வேல செய்யல. மீதி மூணும் வருது. நீங்க போயி பாருங்க. பாத்துட்டு எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது தானா போச்சா, இல்ல யாராச்சும் கழட்டுனாங்களா?"

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

கொட்டிவிட்டாள். போன வாரம் ஒரு நாள் போனில் பார்த்தபோது, அப்பா தண்ணீருக்குக் கையை அசைக்கிறார், அமுதா ஜன்னல் ஓரமாகத் திரும்பி நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். மஞ்சுளாவுக்குப் பொறுக்கவில்லை. "அமுதா, போனக் கீழ வை, நைனா தண்ணி கேக்கறது கண்ணு தெரியலையா?" என்று ஸ்பீக்கரில் சத்தம் போட்டிருக்கிறாள். அமுதா போனை வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அதற்கப்புறம் பண்டிகை லீவுக்கு வீட்டுக்குப் போனாள். லீவு முடிந்த காலையில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் வருவதை மஞ்சுளாவே கேட் கேமராவில் பார்த்தாள். உள் அறைக் கேமராவைத் தட்டினால் இருட்டு. அன்றிலிருந்து இருட்டுதான்.

"ஏசினதுக்குக் கழட்டி வுட்டுட்டாண்ணா. நான் பாக்காத நேரத்துல அவர இன்னா பண்றாளோ? அம்மாவக் கேட்டா யாரும் கேமராவத் தொடலன்றாங்க. ஏணி வெச்சுக் கழட்டுனா அம்மாவுக்குத் தெரியாமப் போவுமா? எப்படியோ பண்ணிருக்கா. சாயந்திரத்தோட நிறுத்திடச் சொல்லிட்டேன். ஆனா நீங்க ஒரு வார்த்த சொன்னா எனக்கு மனசு உறுத்தாது."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது, கையெழுத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சுர்ரென்றது. அதே சமயம் அந்தப் பெண்ணின் மேல் கோபப்படவும் முடியவில்லை. பேச முடியாத அப்பாவை யாரிடமோ விட்டுவிட்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்தச் சின்னப் படம்தான் மூச்சு. அது நின்றுபோனால் புத்தி எங்கெங்கேயோ போகத்தான் செய்யும்.

போனேன். பெரியவர் மனைவி கதவைத் திறந்தார். வாய் ஓயாத அம்மா, அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அறைக்குள் அமுதா பெரியவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்படித் திருப்பும்போது முட்டிக்கு நடுவுல தலவாணி வெக்கணும்மா. இல்லன்னா தாத்தாவுக்கு வலிக்குது, சொல்லத் தெரியாம அழுவாரு. சோறு ரொம்பக் குழைய வேணாம், துப்பிடுவாரு. புதுசா வர்றவங்களுக்கும் சொல்லிடுங்க."

மூலையில் அவள் இங்கே வைத்திருந்த சாமான்கள் பையில் கட்டியிருந்தன. சின்ன ஊர் இது. நோயாளி பார்க்கிற வேலையில் ஒரு வீட்டில், கேமராவைப் பிடுங்கிவிட்டாள் என்று பேர் வாங்கி வெளியே போனால் இந்த வட்டாரத்தில் இன்னொரு வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்காது. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நான் தொடலண்ணா."

அதற்கு மேல் கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. நான் ஏணியை அறைக்குள் கொண்டுபோகவில்லை. ஹாலில் டிவிக்குக் கீழே கதவு வைத்த அலமாரி இருக்கிறது, ரெக்கார்டர் பெட்டி அதற்குள்தான். பெட்டியை முன்னால் இழுத்துத் திருப்பினேன். பின்பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கேமராவின் ஒயரும் ஒரு துளையில். அந்த ஒரே ஒயரில்தான் கேமராவுக்குக் கரண்டு போகும், அதிலேதான் படமும் வரும்.

நான் மாட்டும்போது ஒயர் நுனியில் கலர் டேப் சுற்றுவேன். பெரியவர் அறைக்குச் சிவப்பு, எப்போதும் முதல் துளை. அன்றைக்குச் சிவப்பு மூன்றாவது துளையில் இருந்தது. மற்றவையும் இடம் மாறியிருந்தன. நெட் ஒயர் மட்டும் தனி நிறம், தனியாகத் தள்ளின இடம், அதனால் அது சரியாக இருந்தது. சிவப்பு டேப் ஜாக்கை இழுத்துப் பார்த்தேன். கிளிப் கடக்கென்று பிடித்திருந்தது. இது தானாகக் கழன்றதே இல்லை. எலி கடித்ததும் இல்லை. மனிதக் கை கழற்றி, மனிதக் கைதான் மாட்டியிருக்கிறது.

சிவப்பு ஒயரை எடுத்துக் காலியாக இருந்த வேறொரு துளையில் செருகினேன். டிவியில் ஒரு கட்டம் கண் சிமிட்டியது, பெரியவர் கட்டில் தெரிந்தது. கேமரா நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது. வேலை முடிந்தது.

தம்பிகளே, தங்கைகளே, நம்மில் பாதிப் பேர் இந்த இடத்தில் பையை மூடிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். படம் வந்தாச்சு, அவ்வளவுதானே என்போம். யோசித்துப் பாருங்கள். நான் அப்படிக் கிளம்பியிருந்தால் ஓசூரில் இருக்கிற மகள் என்ன நினைத்திருப்பாள்? பழுதே இல்லை, வேறு இடத்தில் மாட்டினதும் வந்துவிட்டது, அப்படியென்றால் வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறாள் என்றுதான். நான் கொண்டுவந்த படமே அமுதாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கும். அதனால் ஒயரை மறுபடி மூன்றாவது துளைக்கே மாற்றினேன். கட்டம் இருண்டது. மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கோளாறு அந்தத் துளையில்.

அதற்குள் மஞ்சுளாவின் போன். ஸ்பீக்கரில் போட்டேன், இரண்டு கையும் பெட்டியில் இருந்தது. அந்த அம்மா சோறு எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தார்.

"அண்ணா, ஒரு நொடி படம் வந்து போச்சு. அப்ப கேமரா நல்லாத்தான இருக்குது? சொல்லுங்க, கை வெச்சாங்களா இல்லையா? ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க."

ஆமாம் என்பதுதான் உண்மை. சொன்னால் அமுதா அந்த நிமிஷமே வெளியே. இல்லை என்று சொல்லலாம், அது பொய். நம் ஊரில் வசதியாக இன்னொரு பொய்யும் இருக்கிறது. குரங்கு வந்து பிடுங்கிவிட்டது என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், குரங்கும் கேஸ் போடாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் மூடின வீட்டில் மூடின அலமாரிக்குள் குரங்கு எப்படி வந்தது என்று மஞ்சுளா ராத்திரிப் படுக்கும்போது யோசிப்பாள். மெக்கானிக்கும் அமுதாவும் கூட்டு என்று தோன்றும். காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை இன்னும் ஆழமாகத் தள்ளியிருப்பேன்.

"அம்மா, பெட்டிய நான் இன்னும் முழுசாப் பாக்கல. அரைகுறையாச் சொன்னா தப்பாப் போயிடும். நான் கேக்குறதுக்கு நீங்க முதல்ல பதில் சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன். சில சமயம் கடுப்பு உதவும். எதிர்முனையில் மூச்சு நிதானமானது.

"போன்ல நாலு கட்டமும் முன்ன இருந்த மாதிரியே வரிசையா வருதா?"

"இல்லண்ணா... முன்ன நைனா ரூம் முதல்ல வரும். இப்ப கேட் முதல்ல வருது. எல்லாம் மாறித்தான் கெடக்குது. அப்டேட் ஆச்சோன்னு நெனச்சேன்."

"நாலும் சேந்து என்னிக்காச்சும் போச்சா?"

அவள் யோசித்தாள். "ஆமா, ஆயுத பூஜ அன்னிக்கு எதுவுமே வரல. நான் மாமியார் வூட்ல பூஜையில இருந்தேன். அம்மா வூட்ல கரண்ட் இல்லன்னு நெனச்சு வுட்டுட்டேன். மறுநாள் காலைல மூணு வந்துடுச்சு."

"அமுதா அன்னிக்கு வந்துச்சா?"

"இல்ல. லீவு. மறுநாள்தான் வந்தா. அதான் சொன்னனே, அவ வரும்போது கேட் கேமராவுல பாத்தேன்."

சொல்லும்போதே அவளுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். நான் மீதியைச் சொன்னேன். "ஒரு ரூம மறைக்கணும்னு நெனைக்கிறவங்க ஒரு ஒயரக் கழட்டுவாங்க. யாரும் நாலையும் கழட்டி, மாத்தி மாட்டி, மூணு வேல செய்ற மாதிரி வெச்சுட்டுப் போவ மாட்டாங்க. அமுதா கேட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னயே இது நடந்து முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் பொறுங்க, நானே கூப்புடறேன்" என்று போனை வைத்தேன்.

அப்புறம் மூன்றாவது துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துரு இல்லை, துரு இந்த நிறத்தில் வராது. ஊசியால் லேசாகச் சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தேன். எத்தனையோ ரெக்கார்டரைத் திறந்திருக்கிறேன், கரப்பான் நாற்றம் தெரியும், கருகின நாற்றம் தெரியும். ரெக்கார்டர் மணந்தது அன்றைக்குத்தான். சந்தனம்!

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மற்ற ஊர்க்காரன் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பான். நாம் அப்படி இல்லை. நம் வீட்டிலும் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வண்டிக்கும் ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுகிறோம், சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்கிறோம். அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் தொழிலுக்கு எடுப்பதில்லை, மறுநாள் காலையில்தான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எப்படிக் கேட்பது என்பதுதான் பாக்கி.

ஏனென்றால் இதுவரைக்கும் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கிறார்கள். கேமராவைத் தொட்டாயா, கேமராவைக் கழற்றினாயா? கேமரா சுவரில் இருக்கிறது. அந்த அம்மா சுவர்ப் பக்கமே போகவில்லை. தொடவில்லை என்று அவர் மகளிடம் சொன்னது சத்தியம். இந்த அலமாரிப் பெட்டியில் கை வைத்தால் சுவரில் இருக்கும் ஒரு கண் மட்டும் அணையும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் மாட்டும்போது சொன்னேனோ என்னவோ, சொல்லியிருந்தாலும் நம் தொழில் பாஷையில் சொல்லியிருப்பேன்.

"அம்மா, ஆயுத பூஜைக்கு எதெல்லாம் எடுத்து வெச்சுப் படைச்சீங்க?" என்று, திரும்பி வந்த அவரிடம் கேட்டேன்.

அன்றைக்கு முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "எல்லாந்தாம்பா. மிக்சி, தையல் மிஷினு, மோட்டாரு ஸ்டார்ட்டரு, அவரு மம்முட்டி, அருவா."

"இந்தப் பொட்டி?"

"அத வுடுவனா? எம் பொண்ணு அவ நைனாவப் பாக்குறதே அது வழியாத்தான்னு சொன்னா. அதுக்குப் படைக்காம வுட்டா ஆவுமா? ஒயரெல்லாம் எடுத்துட்டு, தொடச்சு, சாமிகிட்ட வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூ வெச்சேன். மறுநாள் ஈரத்துணி போட்டுத் தொடச்சு, எடுத்த மாதிரியே மாட்டிட்டேன். நானேதான் மாட்டுனேன், தெரியுமா? டிவியில படம் டக்குனு வந்துச்சு."

"சந்தனம் எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"மொகத்துலதான். அந்தப் பக்கம் மழமழன்னு ஒண்ணுமே இல்ல. ஓட்ட ஓட்டயா, லைட்டு மினுக்குன்னு இருக்குற இந்தப் பக்கந்தான் மொகம்னு நெனச்சு வெச்சேன். ஏன், அது மொகம் இல்லியா?"

ஊசி முனையில் இருந்த மஞ்சள் தூளை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் முகர்ந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகத் திரும்பி அறை வாசலைப் பார்த்தார். உள்ளே அமுதா தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள், பெரியவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அய்யோ, நானா?" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு நாளா அந்தப் பொண்ணு மொகத்தப் பாக்காம இருக்கறனே. இவளா இருக்குமோன்னு நானும்ல நெனச்சுட்டேன்."

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "நீங்க பக்தியாச் செஞ்சதும்மா, இதுல ஒரு தப்பும் இல்ல. துளையில அழுக்கு அடைச்சிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு நான் சொல்லிக்கிறேன். அது பொய் இல்ல" என்றேன்.

"அது போதுமா?" என்று கேட்டார்.

போதாதுதான். யார் கழற்றியது என்ற கேள்வி அந்தரத்திலேயே நிற்கும். ஆனால் அதை நான் மகளிடம் போட்டு உடைப்பதற்கில்லை. ஒரு தாயை மகளுக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்துகிற அதிகாரத்தை யாரும் எனக்குத் தரவில்லை. பழுதைக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்ததை உரியவர் கையில் கொடுக்கலாம், அத்தோடு நம் இடம் முடிகிறது. நான் சும்மா நின்றேன். சும்மா நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"போன் போட்டுக் குடு தம்பி" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரை அணைக்கப் போனேன், வேண்டாம் என்று கையைத் தடுத்தார். அறை வாசலில் போய் நின்றுகொண்டு, அமுதா காதில் விழுகிற மாதிரி உரக்கவே சொன்னார்.

"மஞ்சு, நாந்தாண்டி. பூஜைக்கு நாந்தான் அந்தப் பொட்டியக் கழட்டுனேன். அதுக்குள்ள சந்தனம் பூந்துடுச்சாம். அமுதா ஒண்ணும் பண்ணல. அவ மேல பழி போட்டுட்டோம்டி."

அறைக்குள் அமுதாவின் கை ஒரு நொடி நின்றது, அப்புறம் மறுபடி பிசைந்தது.

"அம்மா, போன அமுதாகிட்ட குடு" என்றாள் மஞ்சுளா.

அமுதா தலையைத் திருப்பாமலே சொன்னாள். "கையில சோறு இருக்குது. தாத்தா சாப்ட்டு முடிக்கட்டும்."

"நான் லைன்லயே இருக்கேன். கட் பண்ணாதீங்க" என்றாள் மஞ்சுளா.

அந்த அம்மா போனைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். நான் வாசலிலேயே நின்றேன். அமுதா ஊட்டினாள். "இந்தா, இது ஒண்ணு... நல்லா மெல்லு... தண்ணி வேணுமா? வேணாமா? சரி, சரி, வேணாம்... இதான் கடசி வாய், ஏமாத்தல, நெசமா கடசி." பெரியவர் ஒவ்வொன்றுக்கும் 'ம்' என்றார். எந்த 'ம்' ஆமாம், எந்த 'ம்' வேண்டாம் என்று எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அமுதாவுக்கு மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி வாய் என்று சொல்லி இன்னும் நிறைய வாய் ஊட்டினாள். போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் வாயைத் துடைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து அமுதா போனை எடுத்தாள்.

"சொல்லு" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் அமுதா. மன்னிச்சிடு. அன்னிக்கு நீ போன்ல..."

"எம் பையனுக்கு ஜொரம்னு ஸ்கூல்ல இருந்து கூப்ட்டாங்க. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

மஞ்சுளா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, அந்த ரூம் கேமராவக் கழட்டிடுங்க. இனிமே அது வேணாம். எனக்கே வெக்கமா இருக்குது."

நான் ஏணியை எடுக்கத் திரும்பினேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அமுதா குறுக்கே கையை நீட்டினாள்.

"வேணாண்ணா, அது இருக்கணும்" என்றாள். போனை வாய்க்குக் கிட்டே வைத்துச் சொன்னாள். "இத்தினி நாளும் அது எரிஞ்சுனு இருந்திருந்தா என்னப் பாத்து ஒரு வார்த்த யாராச்சும் கேட்டிருப்பீங்களா? இந்த வூட்ல எனக்கு இருக்குற ஒரே சாட்சி அதான். அது இல்லாம நான் இந்த ரூமுல நிக்க மாட்டேன். சொவுத்துல இருந்து சத்தம் போடறது மட்டும் வேணாம். எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணிக் கேளு."

"சரி அமுதா" என்றாள் மஞ்சுளா. கொஞ்சம் பொறுத்து, "சரிங்கக்கா" என்றாள்.

துளையைச் சுத்தம் செய்து ஒயர்களை அதனதன் இடத்தில் மாட்டினேன். செட்டிங்கில் போய் அந்த அறைக் கேமராவின் ஸ்பீக்கரை மட்டும் அணைத்தேன். டிவியில் முதல் கட்டத்தில் பெரியவர் கட்டில் தெரிந்தது. அமுதா மூலையில் இருந்த பையை எடுத்து, கேமராவுக்கு நேராக வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அறை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.